சில்வர் ஸ்பிரிங்ஸ்: சாபமா, ஏக்கமா?

கோரமங்கலா ஓப்பன் மைக்கில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாடப் போகிறீர்கள், அது சாபமா ஏக்கமா என்று நண்பர்கள் குழப்புகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக.

எழுதியவர் ‘ஃபிளீட்வுட் மேக்’ ராக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ். பாட்டில் வரும் ‘நீ’ என்பது அதே குழுவில் கிதார் வாசித்த அவரது முன்னாள் காதலர் லிண்ட்சி பக்கிங்ஹாம். முதல் பகுதி முழுக்க ‘ஆகியிருக்கலாமே’ என்ற தொனி. கடைசியில்தான் ‘என் குரல் உன்னை விடாது’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. எடுத்த எடுப்பிலேயே கோபத்தைக் கொட்டினால் அங்கே ஏற இடமிருக்காது. பலரும் சொதப்புவது இதில்தான்.

1997 மேடை வீடியோவில் அவர் பக்கிங்ஹாம் பக்கம் திரும்பி நேருக்கு நேர் பாடுவார். உங்கள் நண்பர்கள் அதைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த ஆவேசத்தை வைத்து வரிகளைப் படிக்காதீர்கள். முதலில் 1976 ஸ்டுடியோ பதிவைக் கேளுங்கள். கூடவே ‘கோ யுவர் ஓன் வே’யும். அது பக்கிங்ஹாம் இவரைப் பற்றி எழுதியது. வேடிக்கை என்னவென்றால், நீளம் காரணமாக ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தில் இடம் கிடைக்காத ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’, ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிள் இசைத்தட்டின் மறுபக்கத்தில்தான் வந்தது.

தலைப்பில் ரகசியம் தேட வேண்டாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலச் சாலையில் நிக்ஸ் பார்த்த ஊர்ப் பலகை அது.