சிபில் ரிப்போர்ட்ல (உங்க கடன் கணக்குப் பதிவுல) தப்பா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: பர்சனல் லோன் முழுசா கட்டியாச்சு, பாக்கி இல்லன்னு பேங்க் தர்ற என்ஓசி லெட்டரும் இருக்கு. ரிப்போர்ட்ல இன்னும் பாக்கி காட்டுது. பேங்க்ல சிபிலை கேளுங்கறாங்க, சிபில்ல பேங்க்கை கேளுங்கறாங்க.

பதில்: ரெண்டு இடத்துலயும் ஒரே நாள்ல எழுத்துல புகார் போட்டு நம்பர் வாங்கிடுங்க, போன்ல பேசினது கணக்குலயே வராது. பேங்க் ஒத்துக்காம பீரோ, அதாவது சிபில் மாதிரி கடன் பதிவு வெச்சிருக்கற கம்பெனி, தானா எதையும் மாத்தாது, அது நிஜம், ஆனா அதைச் சொல்லி யாரும் கைகழுவிட முடியாது. மொத்தம் 30 நாள் கெடு, அதுல பேங்க்குக்கு 21 நாள். தாண்டினா நாளுக்கு 100 ரூபா உங்களுக்குத் தரணும், 2024 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி. அப்பவும் நடக்கலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (புகாரை விசாரிக்கற அதிகாரி) ஆன்லைன்லயே புகார் போடலாம், காசு கிடையாது. இன்னொண்ணு, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு பீரோ இருக்கு, அதுங்க ரிப்போர்ட்டையும் பாருங்க, சிபில்ல சரியானது அங்க அப்படியே கிடக்கலாம். வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் நாலு பேருமே ஃப்ரீயா தரணும்.

கேள்வி: நானே அடிக்கடி பாத்தா ஸ்கோர் குறையுமா?

பதில்: குறையாது.

கேள்வி: 5000 குடுத்தா ஒரு வாரத்துல கிளீன் பண்றேன்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: குடுக்காதீங்க. அவரும் நீங்க போடற அதே டிஸ்ப்யூட் ஃபார்ம்தான் (தப்பைத் திருத்தச் சொல்ற புகார்) போடுவார், அதுக்கு உங்க பான் நம்பரும் ஓடிபியும் கேப்பார். தயவுசெஞ்சு ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க.

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கிய செட்டில்மென்ட்ல முடிச்சேன். 'செட்டில்டு'ன்னு வருது, அதை 'குளோஸ்டு'ன்னு மாத்த டிஸ்ப்யூட் போடலாமா?

பதில்: போட்டாலும் நிக்காது. கொஞ்சம் தள்ளுபடி ஆச்சுன்னு உள்ளதைத்தான் பேங்க் சொல்லியிருக்கு.

கேள்வி: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். தள்ளுபடிக்கு பேங்க்கும்தானே கையெழுத்து போட்டுச்சு? அப்புறம் வருஷக்கணக்கா ஏன் தண்டனை?

பதில்: நியாயமான கோபம்தான் சார். வேலை போனவங்களுக்கு சில நேரம் வேற வழியே இருக்காது, அவங்களை நான் குத்தம் சொல்லவே மாட்டேன். எனக்கு ஆத்திரம் வர்றது வேற இடத்துல, கலெக்‌ஷன் ஆளுங்க "இதோட முடிஞ்சுது"ன்னு மட்டும் சொல்லிட்டு ரிப்போர்ட்ல எப்படி ஏறும்னு வாயே திறக்கறதில்ல. பணம் கட்டறதுக்கு முன்னாடியே அதை லெட்டர்ல எழுதி வாங்கணும்.

கேள்வி: அப்ப இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: முடியும். விட்டுக்குடுத்த தொகையக் கட்டறேன், குளோஸ்டுன்னு அப்டேட் பண்ணுங்கன்னு பேங்க்குக்கு எழுதுங்க. அவங்க சரின்னு எழுத்துல சொன்னதுக்கு அப்புறம் மட்டும் கட்டுங்க.

கேள்வி: நண்பனுக்கு ஜாமீன் போட்டேன், அவன் லோன் என் ரிப்போர்ட்ல வருது, தப்புதானே?

பதில்: தப்பில்ல, வரும். அவன் கட்டலன்னா உங்களைத்தான் கேப்பாங்க, மாசாமாசம் கட்டறானான்னு பாத்துக்குங்க.

கேள்வி: வீட்டு லோன் வட்டி எங்க கம்மி?

பதில்: அது என் ஏரியா இல்லீங்க.

கேள்வி: லோன் முடிச்சேன், இன்னும் பாக்கி காட்டுது, என்ன பண்ண?

பதில்: முதல் பதிலை முழுசா படிங்க. போன வாரம்தான் முடிச்சீங்கன்னா கொஞ்சம் பொறுங்க, பேங்க் டேட்டா அனுப்பி அது ரிப்போர்ட்ல ஏற கொஞ்ச நாள் ஆகும்.