ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, பேனிக் அட்டாக் எல்லாம் ஒன்றா? டாக்டரிடம் எதைச் சொல்வது?

மூன்றும் ஒன்றில்லை. ஆனால் உங்களுக்கு வந்திருப்பது எது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொண்டு டாக்டரிடம் போகத் தேவையில்லை. உடம்பு என்ன செய்தது, எவ்வளவு நேரம் செய்தது, அதனால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று சொன்னால் போதும். பேர் வைப்பது அவர் வேலை. இருந்தாலும் மருந்துச் சீட்டிலும் ரிப்போர்ட்டிலும் இந்தச் சொற்கள்தான் வரும் என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஸ்ட்ரெஸ் என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணம் இருக்கும். கடன், பரீட்சை, ஆபீஸ் நெருக்கடி. அது தீர்ந்தால் பெரும்பாலும் இதுவும் இறங்கிவிடும். டென்ஷன் என்பதை நாம் கோபம், அவசரம், கவலை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அதனால் "டென்ஷனா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது.

ஆங்சைட்டி வேறு மாதிரி. வரப்போவதை நினைத்தே மனசு அடித்துக்கொண்டிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரப் பத்து நிமிஷம் தாமதமானால் விபத்து வரைக்கும் யோசனை ஓடிவிடும். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும், தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இப்படிக் கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால்தான் அதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள்.

பேனிக் அட்டாக் திடீரென்று வரும். எனக்கு முதலில் வந்தபோது சும்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்து ஊசி குத்துவதுபோல ஆனது, மூச்சு பாதியிலேயே நின்றது. இதோ செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டியிருந்ததையெல்லாம் பிய்த்து எடுப்பதற்குள் படபடப்பு பாதி அடங்கிவிட்டது. "நார்மல்தான், கேஸாக இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இதே கதையோடு எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். உயிர் போகிற மாதிரி இருந்ததை ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வருவது பெரிய வேதனை.

ஒன்றுமில்லாமல் இல்லை. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்து "ஹார்ட் அட்டாக்" என்று மனசு முடிவு கட்டுகிறது, பயம் இன்னும் ஏறுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தச் சுழலை 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார். இன்றைக்குப் பேனிக்குக்குக் கொடுக்கப்படும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்கு அது ஒரு முக்கியமான அடிப்படை. அட்டாக் சில நிமிஷங்களிலேயே உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ், லிஃப்ட், கூட்டம் என்று ஒவ்வொன்றாக விட ஆரம்பிக்கிறோமே, அதுதான் ஆளை முடக்கிப்போடுகிறது. நான் லிஃப்டில் ஏறுவதை நிறுத்தியிருந்தேன். மனநல மருத்துவர் "எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்று கேட்டபோதுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை யாரும் கேட்டதில்லை.

அதனால் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, எங்கே இருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, உடம்பில் எந்த இடத்தில் என்ன ஆனது. "அடிவயிற்றைப் பிசையுது", "கை கால் வெலவெலத்துப் போகுது" என்று நம் பேச்சிலேயே சொல்லலாம். காபி எத்தனை தம்ளர், வேறு என்ன மாத்திரை என்பதையும் சேருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தப் பரிசோதனை கேட்டால் தட்டாதீர்கள். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட படிவம் தரலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் அதில் கேட்பார்கள். பத்தோ அதற்கு மேலோ மதிப்பெண் வந்தால் இன்னும் விரிவாக விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் "இது பேனிக்தான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஈசிஜி எடுத்து, இதயத்தில் பிரச்சினை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நிம்மதியாக இருக்கலாம். பக்கத்து மெடிக்கலில் யாரோ சொன்னார்கள் என்று அல்பிரசோலம் என்ற பதற்றம் அடக்கும் மாத்திரையை வாங்கிப் போடவே போடாதீர்கள். உடனே அடக்கும், ஆனால் பழகிவிட்டால் விடுவது கஷ்டம். டாக்டர் நீண்ட நாளுக்கு எழுதித் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

செலவு தடையாக இருந்தால் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416. எந்த நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் மட்டும் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பார்க்கும்போதும் முதலில் அதையே சொல்லுங்கள்.