நீங்கள் அழுததால் கரு தங்காமல் போகவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. மாமியார் வீட்டோடு இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் இரண்டாவது ஐவிஎஃப்பும் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) நெகட்டிவ். "எப்பப் பாரு டென்ஷனாகி அழுவுற, அதான் நிக்கல" என்கிறார் மாமியார். கணவர் வாயே திறப்பதில்லை. உறைய வைத்த கரு இன்னும் 2 இருக்கிறது. வயசாகிறது, இந்த மாதமே வைத்துவிடு என்று அவசரப்படுத்துகிறார்கள். நடுவில் நாத்தனாருக்கு வளைகாப்பு. நினைத்தாலே படபடப்பாக வருகிறது. என் மனசுதான் காரணமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை, அம்மா. உங்கள் மனசு காரணமில்லை. ஐவிஎஃப் போன்ற சிகிச்சை எடுத்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன்பே பதற்றமும் மனச்சோர்வும் இருந்ததால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை என்பதுதான் அதன் முடிவு. கரு ஒட்டாமல் போக முக்கியமான காரணம், அதன் குரோமோசோமிலேயே இருக்கும் கோளாறு. நீங்கள் அழுதாலும் சிரித்தாலும் அது மாறாது.

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பேச்சு உங்களுக்கு அழக்கூட உரிமை இல்லை என்று ஆக்கிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

நீங்கள் கடந்து வந்தது சின்ன விஷயமா? நாள்தோறும் வயிற்றில் ஊசி, காலையில் ஸ்கேன், அங்கிருந்து ஓடிப்போய்க் கடையில் கணக்கு. கரு வைத்த பிறகு இன்னும் கொடுமை. கரு தங்குவதற்காகத் தரும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தாலேயே மார்பு கனக்கும், வயிறு உப்பும், தூக்கம் தள்ளும். கர்ப்பத்தின் அறிகுறியும் அதேதான். பஸ்ஸில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் தெரிகிறதா என்று பயந்து பார்ப்பதுமாக ரத்தப் பரிசோதனை வரை நாள் போகும். அப்புறம் நெகட்டிவ் என்று போனில் ஒரு வார்த்தை. இதற்கு அழாமல் எதற்கு அழுவது?

வளைகாப்புக்குப் போக வேண்டாம் என்று தோன்றினால் போகாதீர்கள். "அடுத்து உனக்குத்தான்" என்று உங்களையும் மணையில் உட்கார வைத்து வளையல் அடுக்குவார்கள். அதை இப்போது தாங்க முடியாது என்றால் அது பொறாமை இல்லை. முந்தின நாளே தனியாகப் போய் நாத்தனாருக்கு வளையல் போட்டுவிட்டு வந்துவிடலாம். வீட்டில் இதை உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய தங்கை, அவருடைய அம்மா. அவரும் பேசத் தெரியாமல் துக்கத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் நீங்களே சுமக்க முடியாது.

அடுத்து, மருத்துவமனையில் கவுன்சலிங் கேளுங்கள். சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு பற்றி முறையான ஆலோசனை தருவது சிகிச்சை மையத்தின் கடமை என்று செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கையெழுத்து வாங்கும்போது அவசரமாகச் சொல்லும் நாலு வரியோடு விட்டுவிடாதீர்கள். கணவரோடு போய் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியாக இல்லையென்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். வாழ்ந்து என்ன பயன் என்று ஒருமுறை தோன்றினாலும் நாள் பார்க்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த மாதமே வைக்க வேண்டும் என்கிறார்களே, அந்த அவசரம் தேவையில்லை. உறைய வைத்த கருவுக்கு, உறைய வைத்த நாளில் இருந்த வயசுதான். நாலைந்து மாதம் தள்ளிப்போட்டால் அது கெட்டுவிடாது. சட்டப்படி 10 ஆண்டு வரை வைத்திருக்கலாம். உங்கள் உடம்புக்கு எவ்வளவு இடைவெளி நல்லது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தேதியை நீங்களும் கணவரும் முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு வீட்டில் சொன்னால் போதும்.