பக்கத்து மலையில் வெள்ளி இருந்தால் உங்கள் பங்கிலும் இருக்குமா?

கேள்வி: என் மைத்துனருக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர், அர்ஜென்டினாவில் நவிதாத் என்ற பெரிய வெள்ளிப் படிவத்திலிருந்து 12 கி.மீ. தள்ளி ஒரு கம்பெனிக்கு நிலம் இருக்கிறது என்கிறார். அதே எரிமலைப் பாறையாம். அங்கே பொறுக்கிய ஒரு கல்லில் டன்னுக்கு 900 கிராம் வெள்ளி என்று ஆய்வக அறிக்கையும் காட்டினார். பங்குச் சந்தைக்கு வரும் முன்பே வாங்கினால் மலிவாம். ஓய்வுக்காலப் பணத்தில் 6 லட்சம் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: போட வேண்டாம். நவிதாத்தில் வெள்ளி இருப்பது நிஜம். ஆனால் ஏஜெண்ட் உங்களுக்கு விற்பது நவிதாத்தை அல்ல.

நவிதாத் இருப்பது படகோனியாவில், சுபூத் மாகாணத்தின் வறண்ட மேட்டுநிலத்தில். ஜுராசிக் காலத்தில் அங்கே எரிமலைக் குழம்பு வழிந்து பரவியது. நடுநடுவே ஏரிகளும் இருந்தன. (படகோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் கிடைத்ததும் இதே காலத்துப் பாறை வரிசையில்தான். அதைச் சொல்லி யாரும் பங்கு விற்கவில்லை என்பது ஆறுதல்.) எரிமலைச் சூட்டில் பூமிக்கடியில் கொதித்த நீர், வெள்ளியையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு பாறைப் பிளவுகள் வழியே மேலேறியது. மேலே வந்ததும் சூடும் அழுத்தமும் குறைந்தன. கரைந்திருந்த உலோகம் உடைந்த பாறையின் இடுக்குகளிலும் ஏரி அடிமண்ணிலும் படிந்தது.

ஆக, வெள்ளியைக் கொண்டுவந்தது அந்தச் சுடுநீர்தான், பாறை அல்ல. நீர் ஏற வழியில்லாத இடத்தில் அதே எரிமலைப் பாறை வெறும் கல். நவிதாத்தில் வெள்ளி படிந்த முதன்மைப் பட்டை சுமார் ஆறு கிலோமீட்டர் நீளம்தான். அந்தச் சொத்துக்குள்ளேயே ஒரு குன்றுக்கும் இன்னொரு குன்றுக்கும் ஒத்துப்போகாது: கலீனா குன்றில் வெள்ளியோடு ஈயம் ஏராளம், லோமா தெ லா பிளாத்தாவில் வெள்ளி செழிப்பு, ஈயம் பேருக்குத்தான். இந்த லட்சணத்தில் 12 கி.மீ. தள்ளியிருக்கும் நிலத்தைப் பற்றி நவிதாத் என்ன சொல்லிவிட முடியும்? பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காக நம் வீட்டில் தண்ணீர் வந்தே தீரும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அடுத்து அந்த 900 கிராம். கல் பொறுக்கப் போகிறவன் மின்னும் கல்லைத்தான் பொறுக்குவான். நவிதாத்தில் ஓரளவு உறுதியாகக் கணக்கிட்ட பாறை 15.5 கோடி டன். அதன் சராசரி டன்னுக்கு 127 கிராம். அதாவது நூறு கிராம் கொலுசுக்கு கிட்டத்தட்ட 800 கிலோ பாறை, அதுவும் ஒரு துளி வெள்ளிகூட வீணாகாமல் பிரிந்து வந்தால். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் நவிதாத்தின் மொத்த வெள்ளி 63 கோடி அவுன்ஸ் என்ற எண் வருகிறது. ஒற்றைக் கல்லின் அறிக்கையை வைத்து ஒரு மலையின் விலையைச் சொல்கிறவர் ஏமாற்றுகிறார், அல்லது அவரே ஏமாந்திருக்கிறார்.

ஏஜெண்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் கம்பெனியின் சொந்த நிலத்தில் எத்தனை துளை போட்டீர்கள்? துளையிலிருந்து உருளையாக எடுத்த பாறைத் தண்டில், சோதனைக்கு அனுப்பியது போக மறுபாதி இப்போது எங்கே இருக்கிறது? இரண்டாவது கேள்வியில் பலர் முழிப்பார்கள். இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் இருப்பதாகச் சொன்ன ப்ரீ-எக்ஸ் கம்பெனி, பாதியைப் பத்திரப்படுத்தாமல் தண்டு முழுவதையும் பொடியாக்கியது. பொடியில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். 1997இல் வெளியாட்கள் வந்து அதே இடத்தில் துளையிட்டபோது ஒன்றுமில்லை.

பக்கத்து நிலத்தில் கிடைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். கிடைத்திருக்கிறது, நவிதாத்தே அப்படித்தான். இதை ஏஜெண்டும் சொல்லக்கூடும் என்பதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ரியோ நீக்ரோ மாகாணத்தில் கல்காத்ரெயு என்ற தங்கத் திட்டம் 2002இல் விற்பனைக்கு வந்தது. வாங்கலாமா என்று பார்க்க வந்த ஐ.எம்.ஏ. என்ற கனடியக் கம்பெனியிடம், ரகசியம் காப்போம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தகவல்களைக் காட்டினார்கள். அதில் சுற்றுவட்டார ஓடைகளில் அள்ளிய மண்ணின் சோதனை முடிவுகளும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போன ஐ.எம்.ஏ., நவிதாத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. கவனியுங்கள்: ‘பக்கத்தில் இருக்கிறது’ என்பதல்ல, ஓடை மண்ணின் சோதனைதான் வழிகாட்டியது. அப்புறம் துளைகளும் போட்டார்கள். முடிவு என்ன? கல்காத்ரெயுவை வாங்கிய அக்விலைன் என்ற கம்பெனி வழக்குப் போட்டது. ரகசியத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று 2006இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண நீதிமன்றம் நவிதாத்தை அக்விலைனிடம் ஒப்படைக்கச் சொன்னது. வெள்ளி அங்கேயே இருந்தது, ஐ.எம்.ஏ. பங்குதாரர்களுக்குத்தான் இல்லாமல் போனது. பிறகு அக்விலைனை பான் அமெரிக்கன் சில்வர் என்ற சுரங்கக் கம்பெனி வாங்கியது. அக்விலைன் பங்குதாரர்கள் பணம் பார்த்தார்கள், ஒரு வண்டிப் பாறைகூடத் தோண்டாமல். ஆனால் அவர்கள் கையில் இருந்தது துளையிட்டு அளந்த வெள்ளிப் படிவம். உங்களுக்குக் காட்டுவது ஒரு கல்.

பான் அமெரிக்கனே இன்னும் தோண்டவில்லை. சுபூத்தில் 2003 முதல் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும், பாறையிலிருந்து உலோகத்தைப் பிரிக்கச் சுரங்கத்தில் பயன்படுத்தும் சயனைடுக்கும் தடை. "இப்போது சயனைடு வேண்டாத முறை வந்துவிட்டது" என்று ஏஜெண்ட் சொல்வார். சரி, திறந்தவெளித் தடை? நவிதாத்தின் வெள்ளி மேலோட்டமாகக் கிடக்கிறது, மேலிருந்து வெட்டினால்தான் கட்டுப்படியாகும். 2021 டிசம்பரில் தடையைத் தளர்த்தி ஒரு சட்டம் வந்தது. மக்கள் கொதித்துத் தெருவில் இறங்க, ஒரே வாரத்தில் அது ரத்தானது.

பணம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பங்குக்கான பணம் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்) திட்டப்படி உங்கள் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். தனி ஆளின் கணக்குக்கு ஜிபே செய்யச் சொன்னால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். பணம் போன பிறகு புகாரோடு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். கம்பெனி வெளிநாட்டுடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு மேஜை சொல்லும். இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போ என்று அடுத்த மேஜை சொல்லும். வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் மூன்று நகல் கேட்பார்கள்.

கனடாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், தகுதிபெற்ற நிபுணர் கையெழுத்திட்ட தொழில்நுட்ப அறிக்கை, அந்நாட்டுக் கம்பெனிகளின் ஆவணங்கள் இருக்கும் செடார் பிளஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதிலும் முதல் பக்கத்தில் யாருடைய நிலம் என்று பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் அறிக்கையைத் தன்னுடையதுபோல நீட்டுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.