டூல்ஸ் பெட்டி: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

கே: ஐயா, எந்தக் கடையில் ஸ்பேனர் செட் வாங்கினாலும் கொஞ்ச நாளில் 10-ம் நம்பர் மட்டும் காணாமல் போகிறது. மற்றதெல்லாம் சமர்த்தாக இருக்கிறது. என்ன மாயம் இது?
- தேடிச் சலித்தவர், சிங்காநல்லூர்

ப: மாயம் ஒன்றுமில்லை தம்பி, அதற்கு வேலைப்பளு. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 10 மில்லிமீட்டர். பைக்கோ காரோ, பேட்டரி, கவர், கிளாம்ப் என்று தொட்ட இடமெல்லாம் அந்த போல்ட்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பெட்டியை விட்டு அதிகம் வெளியே போவதும் அதுதான், திரும்பி வராமல் போவதும் அதுதான். 24-ம் நம்பர் எங்கே தொலையும்? கல்யாணச் சீரில் வந்த வெண்கலப் பானை மாதிரி அது பெட்டிக்குள் அப்படியே பளபளவென்று இருக்கும். அதிலும் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது கை நழுவினால் 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், தரையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் நிறைய கார்களில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த சர்வீஸில் தட்டைக் கழற்றுகிற மெக்கானிக்குக் கொடுப்பினை. பழுதான ஸ்பீக்கர் எதிலாவது காந்தம் இருந்தால் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் இல்லாத நேரமெல்லாம் ஸ்பேனரை அதில் ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ரெண்டாக வாங்கிவிடுங்கள். ரெண்டும் சேர்ந்தே தொலையும், ஆனால் கொஞ்சம் தாமதமாகத் தொலையும்.

கே: என் தையல் கத்தரியை எடுத்து என் கணவர் ஒயர் சீவுகிறார். கேட்டால் "கத்தரிதானே" என்கிறார். அவருக்கு உறைக்கிற மாதிரி ஒரு பதில் எழுதுங்கள்.
- கோபத்தில் இருக்கும் வாசகி, திருப்பூர்

ப: எழுதியிருப்பேன் அம்மா. ஆனால் அதே கவருக்குள் உங்களுக்குத் தெரியாமல் அவரும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். அதில், "என் ஸ்க்ரூ டிரைவரால் நெய் டப்பா திறக்கிறாள், கட்டிங் பிளேயரால் குக்கர் மூடியைப் பிடித்துத் தூக்குகிறாள், சுத்தியலால் சுக்குத் தட்டுகிறாள், சுத்தியல் முழுக்க சுக்கு வாசனை" என்று இருக்கிறது. நான் யார் பக்கம் பேசுவது? சரி, நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுக்குத் தட்டுவதால் சுத்தியலுக்கு ஒன்றும் ஆகாது, துடைத்தால் போயிற்று. சுக்குக் கஷாயத்துக்குத்தான் கொஞ்சம் இரும்பு வாசனை வரும். ஆனால் துணி வெட்டுகிற கத்தரி அப்படியில்லை. ரெண்டு வாயும் நுனி வரைக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போனால்தான் துணி வெட்டுப்படும், நடுவில் கம்பி கடித்து ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலும் அந்த இடத்தில் துணி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் சாணைக்காரரிடம்தான் போக வேண்டும். ஆகவே குற்றவாளி அவர்தான். அவருக்கு ஒரு ஒயர் ஸ்ட்ரிப்பர் வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. அது வரும்வரை கத்தரியை ரேஷன் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வையுங்கள், அந்தப் பக்கம் அவர் வர மாட்டார் என்று நீங்கள் எழுதியிருக்கிற தோரணையிலேயே தெரிகிறது.

கே: டேபிள் ஃபேனைத் துடைக்கலாம் என்று இறக்கையைக் கழற்றினால் நடு மூடி அசையவே மாட்டேன் என்கிறது. நானும் மகனும் மாறி மாறி முறுக்கிப் பார்த்துவிட்டோம்.
- கை வலிக்கும் வாசகர், மதுரை

ப: முறுக்குவதை உடனே நிறுத்துங்கள். நீங்கள் இத்தனை நேரமும் அதை இன்னும் டைட் செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள். அது எதிர் மரை. ஃபேன் முன்னால் நின்று பார்த்தால் இறக்கை கடிகாரம் சுற்றுகிற பக்கமாகச் சுற்றும்; சாதா மரை போட்டால் ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் மூடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஒருநாள் உங்கள் மடியில் வந்து விழும். அதனால் தலைகீழாக மரை வெட்டியிருக்கிறார்கள். கடிகாரப் பக்கமாகத் திருப்புங்கள், கழன்றுவிடும். சைக்கிளில் இடது பெடலும் இதே ஜாதிதான், வலது பெடல் சாதா. மகனிடம் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி சொல்லிக்கொள்ளலாம், நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

கே: வீட்டுக்கு ஒரே ஒரு டூல் போதும் என்றால் எதைச் சொல்வீர்கள்?
- சிக்கனவாதி, கும்பகோணம்

ப: நல்ல பக்கத்து வீட்டுக்காரர்.

கே: அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே நான்தான்! டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிப் போனவர், "உங்க மெஷின் சரியில்லைங்க, சுவர் சூடாகுதே தவிர ஓட்டை விழலை" என்று திருப்பிக் கொடுத்தார். பிட்டும் நீலம் பாரித்துப் போயிருந்தது.
- இளிச்சவாயர், திருச்சி

ப: ஆளை விசாரிக்கத் தேவையில்லை, மெஷினில் ட்ரிக்கருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ரிவர்ஸ் ஸ்விட்சைப் பாருங்கள். அது மாறியிருக்கும். பின்பக்கமாகச் சுற்றுகிற பிட் குடையாது, வெறுமனே தேய்க்கும், தேய்த்துத் தேய்த்துச் சூடாகும். கான்கிரீட் என்றால் சுத்தியல் படம் போட்ட ஹேமர் மோடிலும் வைக்க வேண்டும். அடுத்த தடவை மெஷினோடு நீங்களும் போய்விடுங்கள். காபியாவது கிடைக்கும்.

கே: எங்கள் வீட்டு டெஸ்டர் பெயின்ட் டப்பா திறக்கும், சைக்கிள் டயர் கழற்றும், பூட்டு உடைக்கும். கரண்ட் மட்டும் பார்த்ததில்லை. நேற்று முதல்முறையாக பிளக்கில் வைத்தேன், எரியவில்லை. கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
- அவசரக்காரர், நாகர்கோவில்

ப: ஐயோ, எடுத்துக்கொள்ளவே கூடாது! இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். டெஸ்டருக்குள் ஒரு குட்டி நியான் விளக்கும் பெரிய மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. தலையில் இருக்கிற உலோகத்தை விரலால் தொடும்போது உங்கள் உடம்பு வழியாகத்தான் சர்க்யூட் முடிகிறது, ரெசிஸ்டர் தடுப்பதால் உங்களுக்கு உணர முடியாத அளவு மின்சாரம்தான் போகிறது. இத்தனை டப்பாவையும் பூட்டையும் நெம்பினால் உள்ளே ஏதாவது உடைந்திருக்கும் அல்லது தொடர்பு விட்டுப்போயிருக்கும். அப்போது கரண்ட் இருந்தாலும் அது எரியாது, நீங்கள் நம்பிக் கையை வைப்பீர்கள். புது டெஸ்டர் வாங்குங்கள். அதையும், ஃபேனோ லைட்டோ ஓடுகிற ஒரு பிளக்கில் முதலில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சந்தேகத்துக்குரிய இடத்தில் வையுங்கள், மெயினையும் நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பழையதை டப்பா திறக்கவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருக்கிற விளக்கை உடைத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மறுபடி பிளக்கில் வைப்பார்கள்.

கே: ஆயுத பூஜை அன்று குழாய் ஒழுகியது. பைப் ரெஞ்ச் பூஜையில் இருக்கிறது, நாளைக் காலைதான் எடுக்கலாம் என்று கணவர் சொல்லிவிட்டார். இது பக்தியா, சோம்பேறித்தனமா?
- வாளி மாற்றி மாற்றி வைத்தவர், ஈரோடு

ப: புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் கொண்டாடுகிற அதே பக்திதான். எங்கள் கோவை லேத் பட்டறைகளில் அன்றைக்கு மெஷினெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரி பொட்டலமும் கொடுத்து முடித்தால், வருஷம் முழுக்கக் கிரீஸ் பூசிக்கிடந்த லேத் அன்றைக்குத்தான் தன் நிறம் என்னவென்று காட்டும். அன்று யாரும் அதைத் தொட மாட்டார்கள், நானும் தொட மாட்டேன். ஆனால் ஒரு ஆர்வக்கோளாறுப் பையன் இருப்பான், வெர்னியர் காலிப்பரின் தாடைக்குள்ளேயும் குங்குமம் வைத்துவிடுவான். மறுநாள் அது எதை அளந்தாலும் 0.02 மில்லிமீட்டர் பக்தி கூடுதலாகக் காட்டும். உங்கள் குழாய்க்கு ரெஞ்ச் எதற்கு? குழாய்க்குப் பின்னால் இருக்கிற வால்வையோ, மாடித் தொட்டியின் கேட் வால்வையோ கையால் மூடியிருக்கலாம். கை ஆயுதம் அல்ல, அதற்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. கணவரிடம் காட்டுங்கள்.

கே: சூப்பர் க்ளூ ஒட்டி கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொண்டன. இதை இடது கையால் எழுதுகிறேன்.
- பரிதாபத்துக்குரியவர், சென்னை

ப: உங்கள் கடிதம் எனக்கு வந்து, பதில் அச்சாகி, உங்கள் கைக்கு வருவதற்குள் தோல் உரிந்து விரல்கள் தாமே பிரிந்திருக்கும். இருந்தாலும் அடுத்த தடவைக்கு: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள், இழுக்காதீர்கள். அசிட்டோன் உள்ள நகப் பாலிஷ் ரிமூவரும் கரைக்கும். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் இந்த வைத்தியம் வேண்டாம், நேராக டாக்டர்தான். இந்தப் பசை ஈரம் பட்டால் இறுகுகிற ரகம், சென்னை வியர்வை அதற்குப் போதும். 1942-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணரின் குழு, துப்பாக்கியில் குறி பார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது இந்தச் சரக்கு மாட்டியது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று சலித்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒட்டுவதுதான் அதன் வேலை என்று புரிந்து கடைக்கு வர 1958 ஆகிவிட்டது. வலது கையால் ஒரு கடிதம் எழுதுங்கள், விரல் பிரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.