பாவநிலையில் இருந்த குரு அளித்த திருமுழுக்கு செல்லுமா?

செல்லும். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, உங்கள் மகளுக்குத் திருமுழுக்கு அளித்த குருவானவர் அப்போது சாவான பாவத்தில் (இறையருளை இழக்கச் செய்யும் கனமான பாவத்தில்) இருந்தார் என்று பின்னர் தெரியவந்தாலும் அது செல்லத்தக்கதே. மீண்டும் அளிக்கவும் கூடாது.

பாவநிலையில் இருப்பவர் செய்வதற்குப் பேறு இல்லை எனில் அவர் அளித்த திருமுழுக்கும் செல்லாதோ என்னும் குழப்பம், செல்லுபடியையும் பேறுபலனையும் (நற்செயலுக்கு இறைவன் தரும் வெகுமதியையும்) ஒன்றாக எண்ணியதால் வந்திருக்கலாம். அருளின் நிலையில் இல்லாதவர் தம் செயலால் விண்ணகப் பேறு ஈட்டுவதில்லை என்பது உண்மைதான்; ஆயினும் திருமுழுக்கு போன்ற அருளடையாளத்தில் (திருவருட்சாதனத்தில்) செயலாற்றுபவர் கிறிஸ்துவே என்பதால், பணியாளரின் பாவம் அதைக் கெடுப்பதில்லை. பாவத்தில் விழுந்த பணியாளர் அளிக்கும் அருளடையாளங்கள் செல்லாது என்ற தொனாத்தியர் என்னும் பிரிவினருக்கு எதிராகப் புனித அகுஸ்தீனார் வாதாடியதும், 1547-இல் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்ததும் இதையே.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: தண்ணீர் ஊற்றப்பட்டதா, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்னும் பொருளில் வாய்பாடு சொல்லப்பட்டதா? காணொளி இருந்தால் கேட்டுப் பாருங்கள். "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று சொல்லப்பட்டிருந்தால் அது செல்லாது என வத்திக்கான் 2020-இல் தெளிவுபடுத்தியது. (ஒரு சொல்லுக்கு இத்தனை கண்டிப்பா என்று பலர் வியந்தனர், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.)

ஆனால் இந்த விடையை ஒப்புரவுக்கும் (பாவசங்கீர்த்தனத்துக்கும்) திருமணத்துக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். பாவமன்னிப்பு அளிக்கக் குருத்துவத்தோடு திருச்சபை தரும் அதிகாரமும், திருமணத்தை நடத்தி வைக்கத் திருச்சபை தரும் அதிகாரமும் பொதுவாகத் தேவை. அத்தகைய ஐயம் இருந்தால் மறைமாவட்ட அலுவலகத்தை அணுகுங்கள்.