‘குதசாய்’ போட்டால் மரியாதை ஆகிவிடுமா?

கேள்வி: அக்கா, ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மேலாளரிடம் ‘மத்தே குதசாய்’ (காத்திருங்கள்) என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. ‘குதசாய்’ என்றால் ‘தயவுசெய்து’ தானே?

பதில்: தொடக்கநிலைப் பாடங்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், சிக்கலும் அங்கேதான். ‘குதசரு’ (தந்தருள்வது) என்ற உயர்வுச் சொல்லின் ஏவல் வடிவம் அது. எவ்வளவு மரியாதை சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். கேட்பவர் ‘முடியாது’ என்று சொல்ல அதில் இடமில்லை. நண்பரிடம் வெறும் ‘மத்தே’ போதும். சக ஊழியரிடம் ‘மத்தே குரெமசென் கா’ (காத்திருக்க மாட்டீர்களா?), மேலாளரிடம் அதையே இன்னும் பணிவாக ‘மத்தே இததகெமசென் கா’. கடைசி இரண்டும் எதிர்மறையில் கேட்கும் கேள்விகள். மறுக்க வழி விட்டுக் கேட்பதுதான் அங்கே பணிவு.

அதற்காகக் குதசாயை ஒதுக்கிவிடாதீர்கள். ‘தோசோ, தபேதே குதசாய்’ என்று விருந்தினரைச் சாப்பிடச் சொல்லும்போது அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. நன்மை எதிரிலிருப்பவருக்குப் போகிறது. நம் பந்தியில் போலவே அங்கே வற்புறுத்துவதுதான் உபசாரம்.

கேள்வி: ‘தே’ வடிவ அட்டவணை மண்டையில் ஏறவே இல்லை. குறுக்குவழி உண்டா?

பதில்: உண்டு, உங்கள் வாயிலேயே இருக்கிறது. மத்தே, தபேதே என்று ‘தே’யில் முடியும் இந்த வடிவம் பெரும்பாலும் நம் வினையெச்சம்தான். ‘மிரு’ என்றால் பார். ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தே ஒகு’ என்றால் வாங்கி வை. ‘குரு’ என்றால் வா. ‘கத்தே குரு’ என்றால் வாங்கி வா. ‘தபேதே ஷிமத்தா’ என்பது சாப்பிட்டுவிட்டேன். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்தத் துணைவினைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். நீங்கள் ஏன் அந்த வழியில் போக வேண்டும்?

ஒலி மாற்றங்களை மட்டும் தனியாகப் பழகுங்கள். யொமு (படி) யொந்தே ஆகும், ககு (எழுது) கஇதே ஆகும். இகு (போ) மட்டும் விதிவிலக்கு: இத்தே. நாமும் வா–வந்து, நில்–நின்று என்பதை அட்டவணை பார்த்தா கற்றோம்? முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள், அப்புறம் தானாக வரும்.

கேள்வி: குரெரு, அகெரு இரண்டுக்கும் அகராதியில் ‘கொடு’ என்றே இருக்கிறதே?

பதில்: பிறர் எனக்கோ என் வீட்டாருக்கோ தந்தால் குரெரு. நான் பிறருக்குக் கொடுத்தால் அகெரு. தொல்காப்பியத்தைப் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தரவு (தருதல்) தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடை (கொடுத்தல்) படர்க்கைக்கும் என்று அது பிரிக்கிறது. இரந்து கேட்கும்போது ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று என்றும் சொல்கிறது. ஆளைப் பார்த்து வினையை மாற்றுவது நம்மிடமும் இருந்த வழக்கம்தான். ஒரே எச்சரிக்கை: ‘உனக்குத் தருகிறேன்’ என்பதற்கு அங்கே குரெரு வராது, அகெருதான்.

கேள்வி: டாக்சியில் இடம் சொல்லும்போது?

பதில்: ‘தோக்கியோ எகி மதே ஒநெகஇஷிமசு’ (தோக்கியோ நிலையம் வரை). இங்கே குதசாய் ஒட்டாது. அது பெரும்பாலும் பொருளைக் கேட்கவும் ‘தே’ வடிவத்தோடு சேரவும் வரும். தண்ணீருக்கு ‘மிசு ஒ குதசாய்’ சரி.

கேள்வி: சாலைப் பலகையில் ‘தொமரே’ (நில்) என்று மொட்டையாக எழுதியிருக்கிறார்களே, மரியாதைக் குறைவில்லையா?

பதில்: இல்லை. வண்டி ஓட்டுபவர் ஒரு நொடியில் படித்தாக வேண்டும், அதனால் வெறும் ஏவல். அதையே நீங்கள் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் அதட்டலாகிவிடும்.